தாமதத்தின் விலை: வைப்பு நிதித் தண்டமும் தள்ளுபடியும் (1952–2025)

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு தன் 73ஆம் நிறுவன நாளான 2025 நவம்பர் 1 அன்று ஒரு பொது மன்னிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2017 ஜூலை 1 முதல் 2025 அக்டோபர் 31 வரையான காலத்தில் வேலைக்குச் சேர்த்தும் வைப்பு நிதியில் சேர்க்காமல் விட்ட தொழிலாளர்களை, 2026 ஏப்ரல் 30க்குள் தாமாக முன்வந்து பதிவுசெய்யும் நிறுவனங்கள் தாமதத்திற்கான தண்டமாக மொத்தம் 100 ரூபாய் செலுத்தினால் போதும். தாமதம் 8 மாதமானாலும் 8 ஆண்டானாலும், விடுபட்டவர் இருவரானாலும் இருநூற்றுவரானாலும் அதே 100 ரூபாய்தான்.

இத்திட்டத்தை வரவேற்போரும் கண்டிப்போரும் பெரும்பாலும் அந்த 100 ரூபாயைப் பற்றியே பேசுகின்றனர். வரலாறு பயில்வோர் அதற்குப் பின்னால் உள்ள எழுபதாண்டுகளைப் பார்க்க வேண்டும். தாமதத்திற்கு விலை வைத்தது யார்? அந்த விலை எப்போதெல்லாம் மாறியது? தள்ளுபடி கேட்போர் முன்பு யாரிடம் சென்று என்ன காரணம் சொல்ல வேண்டியிருந்தது? தள்ளுபடியில் உண்மையில் கைவிடப்படுவது யாருடைய பணம்? இக்கேள்விகளை ஆனேக்கல் வட்டத்தின் தொழிற்பேட்டைகளை மனத்தில் கொண்டு தொடர்கிறேன். காரணம் கேட்டு, விசாரித்து, ஆணை எழுதித் தரப்பட்ட தள்ளுபடி, காரணமே கேட்காத குறித்தகாலத் திட்டமாக மாறியிருக்கிறது என்பதும், அம்மாற்றத்தின் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளரே சுமக்கின்றனர் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. இடம்

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டம் ஆனேக்கல். பொம்மசந்திரா, ஜிகிணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் இவ்வட்டத்தில் உள்ளன. எலக்ட்ரானிக் சிட்டி அதையொட்டியது. ஓசூர் சாலை இவற்றை ஒரே நூலில் கோத்துத் தமிழக எல்லையில் கொண்டுபோய் விடுகிறது. எல்லைக்கு அப்பால் ஓசூரின் சிப்காட் வளாகம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து இப்பக்கம் வேலைக்கு வருவோரும், இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் செல்வோரும் உண்டு. ஆயத்த ஆடை, பொறியியல் உதிரிபாகம், மருந்து, பெட்டி கட்டுதல், காவல், துப்புரவு எனப் பல தொழில்கள். பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு வேலை செய்து தரும் சிறு பட்டறைகளும் ஒப்பந்ததாரர்களும். வைப்பு நிதி அமைப்புக்குப் பொம்மசந்திராவின் பெயரிலேயே ஒரு மண்டல அலுவலகம் இருக்கிறது என்பது இப்பகுதியின் தொழிலாளர் தொகைக்கு ஒரு சான்று.

வைப்பு நிதித் தாமதம் இத்தகைய நிலத்தில்தான் மிகுதியாக விளைகிறது. 20 பேர் என்னும் சட்ட வரம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் பட்டறை, பெரிய ஆலையிடமிருந்து பணம் வந்த பிறகே கூலி தரும் ஒப்பந்ததாரர், ஆறு மாதத்திற்கு ஒருமுறை வேலை மாறும் தொழிலாளி ஆகிய மூவரும் ஒரே சாலையில் இருக்கின்றனர்.

2. 25 விழுக்காட்டில் தொடங்கியது

வருங்கால வைப்பு நிதி 1951 நவம்பர் 15 அன்று அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952இல் 19ஆம் எண் சட்டமாயிற்று. சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு-உருக்கு, காகிதம், நெசவு என்னும் 6 தொழில்களில், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரிந்த ஆலைகளையே அது முதலில் தழுவியது. தொழிலாளி ஊதியத்தில் 6¼ விழுக்காடு, முதலாளி அதே அளவு என்பது தொடக்க விகிதம். 1960இல் 50 என்பது 20 ஆயிற்று. 1997இல் 12 விழுக்காடு பொது விகிதமாயிற்று.

மூலச் சட்டத்தில் தாமதத்திற்குக் குற்ற வழக்கு இருந்தது. பணத் தண்டம் இல்லை. குற்ற வழக்கு மெதுவாக நகரும் என்பதை அரசு விரைவில் உணர்ந்தது. 1953இன் 37ஆம் எண் திருத்தச் சட்டம் 14பி என்னும் பிரிவைச் சேர்த்தது. பணம் கட்டத் தவறும் முதலாளியிடமிருந்து நிலுவையில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாத ‘டேமேஜஸ்’ வசூலிக்க அது அதிகாரம் தந்தது.

அச்சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் அபராதம் என்று சொல்லவில்லை; இழப்பீடு என்று சொல்லியது. அலுவலகத்திலும் ஆலையிலும் அது ‘டேமேஜஸ்’ என்றே வழங்குகிறது. இழப்பீடு என்றால் இழந்தவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் தொழிலாளி. ஆனால் இத்தொகை எந்தத் தொழிலாளியின் பெயரிலும் தனியே வரவு வைக்கப்படுவதில்லை. இழப்பீடு என்னும் பெயரும் அபராதம் என்னும் நடைமுறையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதே பின்னாளில் வந்த வழக்குகள் அனைத்திற்கும் வித்து.

3. 100 விழுக்காடும் ஒரு தீர்ப்பும்

1973இன் 40ஆம் எண் திருத்தச் சட்டம் மூன்று செயல்களைச் செய்தது. 25 விழுக்காடு என்னும் உச்சவரம்பை அகற்றி, நிலுவைத் தொகை அளவுக்கே தண்டம் விதிக்கலாம் என்றது. தண்டம் விதிக்குமுன் முதலாளிக்குத் தம் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்பு தரவேண்டும் என்றது. தொழிலாளியின் ஊதியத்தில் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் விளக்கம் சேர்த்தது.

இரண்டாவது செயலே நம் பொருளுக்கு முக்கியம். உரிய வாய்ப்பு என்றால் விசாரணை. விசாரணை என்றால் முதலாளி காரணம் சொல்ல வேண்டும். ஆணையர் அக்காரணத்தை ஏற்றோ மறுத்தோ எழுத வேண்டும். மின்வெட்டு, வேலைநிறுத்தம், வங்கிக் கடன் கிடைக்காமை, கொடுத்த சரக்குக்குப் பணம் வராமை போன்ற காரணங்கள் ஆணைகளில் ஏறத் தொடங்கின.

இவ்வதிகாரம் வரையறையற்றது, ஆகவே சமத்துவ உரிமைக்கு முரணானது என்னும் வாதம் ஆர்கனோ கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1979 ஜூலையில் வி. ஆர். கிருஷ்ணய்யரும் ஏ. பி. சென்னும் தனித்தனியே எழுதிய தீர்ப்புகளில் 14பி பிரிவு செல்லும் என்றனர். தண்டம் ஓரளவு ஈடு, ஓரளவு தண்டனை என்பது சென்னின் நிலைப்பாடு. கிருஷ்ணய்யர், இழப்பீடு என்னும் சொல்லுக்குத் தனிமனிதன் அடைந்த பண இழப்பைக் கடந்த சமூகப் பொருள் தந்தார். நிதி வறண்டால் பாதிக்கப்படுவது அதை நம்பியிருக்கும் எல்லாத் தொழிலாளரும். ஆகவே அந்த எல்லாரின் இழப்பையும் கணக்கில் கொள்வதே இத்தண்டம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1998இல் ஹிந்துஸ்தான் டைம்ஸ் வழக்கு இந்நிலையை மேலும் இறுக்கியது. மின்வெட்டும் பணமுடையும் தாமதத்தை நியாயப்படுத்தா. ஆணையர் அறிவிப்பு அனுப்பக் காலம் தாழ்த்தினார் என்பதும் தானாகவே முதலாளிக்கு விடுதலை ஆகாது என்றது நீதிமன்றம். முதலாளியின் கையில் இருந்தது அவருடைய பணமன்று. பிறருக்காக ஒப்படைக்கப்பட்ட பணம் என்பதே இதன் அடிப்படை.

4. நலிந்த ஆலைக்கு மட்டும்

தள்ளுபடி என்பது சட்டத்தின் எழுத்தில் முதன்முறை ஏறியது 1988இல். அவ்வாண்டின் 33ஆம் எண் திருத்தச் சட்டம் 14பி பிரிவில் மேலும் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. நலிந்த தொழிற்கம்பெனிகள் சட்டம், 1985இன்கீழ் அமைந்த தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியம் ஒரு நிறுவனத்திற்கு மறுவாழ்வுத் திட்டம் ஏற்படுத்தினால், வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு தண்டத்தைக் குறைக்கலாம் அல்லது தள்ளுபடி செய்யலாம். 32பி என்னும் பத்தி அதற்கு அளவுகோல் தந்தது. நிர்வாகம் கைமாறினாலோ ஆலையைத் தொழிலாளர் கூட்டுறவே ஏற்றுக்கொண்டாலோ முழுத் தள்ளுபடி. வாரியம் காரணங்களை எழுதிப் பரிந்துரைத்தால் 100 விழுக்காடு வரை. பிற நேர்வுகளில் 50 விழுக்காடு வரை.

இத்தள்ளுபடிக்கு மூன்று எல்லைகள் இருந்தன. தண்டம் மட்டுமே தள்ளுபடிக்குரியது. தொழிலாளிக்குச் சேரவேண்டிய சந்தா எந்நிலையிலும் தள்ளுபடியாகாது. நலிவு என்பதை நிறுவனமே அறிவித்துக்கொள்ள முடியாது. வேறோர் அமைப்பு சோதித்துச் சொல்ல வேண்டும். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆனேக்கல் போன்ற இடத்தின் சிறு பட்டறைக்கு இக்கதவு எட்டாததாகவே இருந்தது. மறுசீரமைப்பு வாரியம் சிறு பட்டறைகளுக்கென அமைந்ததன்று. 2016 டிசம்பர் 1 அன்று வாரியமே கலைக்கப்பட்டது.

5. ஒரு கழித்தல் கணக்கு

1991 செப்டம்பர் 1 முதல் 32ஏ பத்தி தண்டத்திற்கு அட்டவணை தந்தது. தாமதம் 2 மாதத்திற்குள் என்றால் ஆண்டுக்கு 17 விழுக்காடு. 4 மாதத்திற்குள் 22. 6 மாதத்திற்குள் 27. அதற்கு மேல் 37. ஆணையரின் விருப்புரிமையின் இடத்தை அட்டவணை பிடிக்கத் தொடங்கியது. 1997 ஜூலை 1 முதல் 7கியூ பிரிவு நடைமுறைக்கு வந்து, நிலுவைக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி விதித்தது.

2008 செப்டம்பர் 26 முதல் தண்ட விகிதங்கள் 5, 10, 15, 25 எனக் குறைந்தன. பெரும் சலுகைபோல் தோன்றும் இதைப் பழைய அட்டவணைக்கு அருகில் வைத்துப் பாருங்கள். 17இல் 12 போனால் 5. 22இல் 12 போனால் 10. 27இல் 12 போனால் 15. 37இல் 12 போனால் 25. ஒவ்வொரு படியிலும் குறைந்தது வட்டி விகிதமான அதே 12. ஆகவே 2008இன் மாற்றத்தைத் தள்ளுபடி என்பதைவிட, தண்டத்தையும் வட்டியையும் இரண்டு பத்தியாகப் பிரித்தெழுதிய கணக்கு என்று வாசிப்பதே பொருந்தும்.

பிரித்தெழுதியதற்குச் சட்ட விளைவும் உண்டு. தண்ட ஆணையை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். வட்டிக்கு மட்டும் தனியாக எழுந்த ஆணைக்கு மேல்முறையீடு இல்லை என்று 2013இல் ஆற்காடு டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தண்டம் வாதிடத்தக்கது, வட்டி வாதத்திற்கு அப்பாற்பட்டது என்னும் பிரிவினை இவ்வாறு உறுதிப்பட்டது.

உண்மையான குறைப்பு 2024 ஜூனில் வந்தது. அட்டவணை நீங்கி, மாதத்திற்கு 1 விழுக்காடு என்னும் ஒரே விகிதம் நிலைபெற்றது. ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டு தாமதமானால் 2008 விகிதப்படி தண்டம் 25,000, வட்டி 12,000, ஆக 37,000. 2024க்குப் பின் தண்டம் 12,000, வட்டி 12,000, ஆக 24,000. மன்னிப்புத் திட்டத்தில் தண்டம் 100, வட்டி 12,000.

6. பணமும் படிவமும்

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்காவில் 1974இன் ஓய்வுக்கால வருமானப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு ஓய்வுக்காலத் திட்டமும் ஆண்டுதோறும் 5500 எண் படிவத்தில் அறிக்கை தரவேண்டும். அதைத் தாமதமாகத் தாக்கல் செய்வதற்கே கடுமையான நாள் தண்டம் உண்டு. 1995இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை, தாமாக முன்வருவோருக்குக் குறைந்த விகிதத்தில் ஒரு நிவாரணத் திட்டம் தந்தது. சிறு திட்டங்களுக்கு ஒரு தாக்கலுக்கு 750 டாலர், பெரியவற்றுக்கு 2,000 டாலர் என்பது இப்போதைய உச்சவரம்பு. அத்திட்டம் மன்னிப்பது படிவத் தாமதத்தை மட்டுமே. தொழிலாளியின் பணத்தைத் தாமதமாகச் செலுத்தியவர் அதற்குத் தனி வழி தேடவேண்டும்.

இந்தியாவில் நிலை நேர்மாறானது. 14பி பிரிவு பணத்தின் தாமதத்தை மட்டுமே அறியும். படிவம் தராமைக்கு 76ஆம் பத்தியின்கீழ் குற்ற வழக்கே வழி. 2012 வரை ஒரு நிறுவனம் மாதந்தோறும் புதியவருக்கு 5, விலகியவருக்கு 10, தொகைக்கு 12ஏ என்னும் படிவங்களையும், ஆண்டிறுதியில் ஒவ்வொருவருக்கும் 3ஏ அட்டையையும் அனைவருக்குமாக 6ஏ பட்டியலையும் தரவேண்டியிருந்தது. பணம் கட்டி 3ஏ தராத நிறுவனத்தின் தொகை நிதிக்குள் வந்துவிடும். எவருடையது என்று தெரியாது. தண்டமும் எழாது. தொழிலாளியின் கணக்கோ வெறுமையாக இருக்கும்.

2012இல் மின்னணுச் செலானும் விவரப் பட்டியலும் ஒன்றானபோது இவ்விடைவெளி பெரிதும் மூடியது. பெயரில்லாமல் பணம் கட்ட இயலாதாயிற்று. 2014இல் வந்த பொதுக் கணக்கு எண் ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்கு மாறியவரின் இரு கணக்குகளையும் ஒரே எண்ணின்கீழ் கொண்டுவர வழிசெய்தது. 2016 தொடக்கத்தில் 5 நாள் சலுகைக் காலமும் நீங்கி, மறுமாதம் 15ஆம் தேதி என்பது இறுதி நாளாயிற்று. இதன்பின் எஞ்சிய பெரும் தாமதம், பட்டியலில் பெயரே ஏறாத தொழிலாளியுடையது. 2017, 2025 மன்னிப்புத் திட்டங்கள் குறிவைத்தது இத்தாமதத்தையே.

7. 2016 ஏப்ரல், ஓசூர் சாலை

முதலாளிக்குத் தள்ளுபடி வழங்கும் வரலாற்றினிடையே தொழிலாளி சலுகை கேட்ட ஒரு நிகழ்வும் இதே சாலையில் நடந்தது. 2016 பிப்ரவரி 10 அன்று அரசு ஒரு விதியை அறிவித்தது. வேலையிழந்த உறுப்பினர் தம் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்கலாம். முதலாளியின் பங்கு 58 வயது வரை நிதியிலேயே இருக்கும். ஆடை ஆலைகளில் சில ஆண்டுகள் உழைத்து, மகப்பேற்றுக்கோ வீட்டுத் தேவைக்கோ வேலையை விட்டு, அத்தொகையைக் கொண்டு கடனை அடைக்கும் பெண்களுக்கு அது கைப்பணத்தைப் பறிப்பதாயிற்று.

ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் ஆடைத் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையில் இறங்கினர். மறுநாள் போராட்டம் நகரின் பல பகுதிகளுக்குப் பரவியது. ஆனேக்கல் வட்டத்தின் ஹெப்பகோடியில் காவல் நிலையம் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. ஏப்ரல் 19 அன்றே மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா விதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இந்நிகழ்வை ஆய்வாளர் சிலர் தலைமையில்லாக் கிளர்ச்சியின் எடுத்துக்காட்டாகப் படிக்கின்றனர். நம் கோணத்தில் இன்னொன்றும் தெரிகிறது. முதலாளியின் தாமதத்திற்கு விசாரணை, மேல்முறையீடு, 32பி பத்தி, மன்னிப்புத் திட்டம் என அலுவலகத்துக்குள்ளேயே வழிகள் இருந்தன. தொழிலாளிக்குத் தம் சேமிப்பின் விதியைப் பற்றிப் பேச அத்தகைய வழி எளிதாக இல்லை. அவர் நெடுஞ்சாலையை நாட வேண்டியதாயிற்று.

8. மனத்தில் குற்றம் இருக்க வேண்டுமா

அட்டவணை வந்த பிறகும் ஒரு கேள்வி நீதிமன்றங்களில் நீடித்தது. தாமதித்தவரின் உள்நோக்கத்தை ஆராயாமல் தண்டம் விதிக்கலாமா? தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தின் இணையான பிரிவைப் பற்றி 2008இல் எச்.எம்.டி. வழக்கில், தண்டம் ‘விதிக்கலாம்’ என்றால் விதித்தே ஆகவேண்டும் என்று பொருளில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2014இல் மெக்லியோட் ரஸ்ஸல் வழக்கும் 2017இல் ஆர்.எஸ்.எல். டெக்ஸ்டைல்ஸ் வழக்கும் 14பி தண்டத்திற்கு உள்நோக்கம் கருதத்தக்கது என்றன. பணம் இல்லாமல் தாமதித்தவரும் ஏமாற்றத் தாமதித்தவரும் ஒன்றல்லர் என்னும் வாதத்திற்கு இவை இடம் தந்தன.

2022 பிப்ரவரி 23 அன்று வந்த தீர்ப்பு அவ்விடத்தை அடைத்தது. வழக்கு கர்நாடகத்தினுடையது, குடகின் கோணிக்கொப்பலில் உள்ள தோட்டக்கலை ஆய்வு நிலையம் 1975 முதல் 1988 வரை சந்தா செலுத்தாததைப் பற்றியது. வரி வழக்கொன்றில் 2008இல் மூவர் அமர்வு சொன்னதைப் பின்பற்றி, குடிமைக் கடமையை மீறியதே தண்டத்திற்குப் போதும், உள்நோக்கம் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

இதன் விளைவை 2017, 2025 மன்னிப்புத் திட்டங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் காரணத்தின் எடை குறைந்துவிட்டது. உண்மையாகவே துன்புற்ற சிறு முதலாளியின் கதையும் அங்கே பயன்படாது. மன்னிப்புத் திட்டத்திலோ காரணமே கேட்கப்படுவதில்லை. துன்புற்றவரும் திட்டமிட்டு ஏமாற்றியவரும் ஒரே 100 ரூபாயில் வெளியேறலாம். இரண்டு இடத்திலும் காரணம் மறைந்துவிட்டது.

9. யாருடைய பணம்

2017இன் முதல் பதிவுத் திட்டம் 2009 ஏப்ரல் முதல் 2016 டிசம்பர் வரை விடுபட்டவர்களுக்கானது. தண்டம் ஆண்டுக்கு 1 ரூபாய். 2020 மே மாதம், ஊரடங்குக் காலத் தாமதத்திற்குத் தண்டம் இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. அது காரணம் கூறிய, எல்லாரும் ஒப்பும் விலக்கு. 2017, 2025 திட்டங்கள் வேறு வகை.

அவ்விரண்டிலும் தண்டத் தள்ளுபடியைவிடப் பெரிய தள்ளுபடி ஒன்று உண்டு. தொழிலாளியின் ஊதியத்தில் பிடிக்காமல் விட்டிருந்தால், தொழிலாளியின் பங்கை முதலாளி கட்டவேண்டியதில்லை. மூலத் திட்டத்தின்படி இரு பங்கையும் முதலில் செலுத்தவேண்டியவர் முதலாளியே. உரிய காலத்தில் ஊதியத்தில் பிடிக்கத் தவறியதைப் பின்னர் தொழிலாளியிடம் பிடிக்க 32ஆம் பத்தி பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆக அப்பங்கு முதலாளியின் சுமையாகியிருந்தது. அந்தச் சுமை நீங்கும்போது தொழிலாளியின் கணக்கில் அத்தொகை என்றும் ஏறுவதில்லை.

ஊதியம் மாதம் 10,000 ரூபாய் எனக் கொள்வோம். முறையாகச் சேர்ந்திருந்தால் இரு பங்குமாக 2,400 ரூபாய். திட்டத்தின்கீழ் 1,200 மட்டுமே. அதிலும் வழக்கமான பிரிப்பின்படி 833 ஓய்வூதியத் திட்டத்திற்குச் சென்றால், சேமிப்பாக நிற்பது 1,567க்குப் பதில் 367. பிடித்தம் செய்யாத மாதத்தில் அந்த 1,200 தொழிலாளியின் கைக்குக் கூலியாக வந்திருக்குமே என்று கேட்கலாம். வந்திருந்தால் உண்மைதான். ஆனால் ஒப்பந்தக் கூலியில் ‘பி.எஃப். போக இவ்வளவு’ என்று பேசி, பிடித்தும் கட்டாதவர் யார், பிடிக்கவே இல்லாதவர் யார் என்பதைச் சொல்வது முதலாளியின் அறிவிப்பே.

2025 திட்டம் அறிவிக்கும் நாளில் உயிருடன் அந்நிறுவனத்திலேயே பணியில் இருப்போரை மட்டும் தழுவுகிறது. அடிக்கடி வேலை மாறும் ஆடைத் தொழிலாளியும், ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் நிறுவனம் மாறும் காவலாளியும் விலகிய பிறகு இதில் இடம்பெறார். மாத ஓய்வூதியத்திற்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும் என்னும் 1995இன் ஓய்வூதியத் திட்டத்தில், அவர்கள் இழந்த ஆண்டுகள் இழந்தவையே. தாமதக் காலத்தில் இறந்தவரின் குடும்பமும் இத்திட்டத்திற்கு வெளியே நிற்கிறது.

10. மறுபக்கம்

திட்டத்தை ஆதரிப்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கக் கூடாது. 8 ஆண்டு நிலுவைக்கு இரு பங்கு, தண்டம், வட்டி எல்லாம் சேர்ந்தால் சிறு பட்டறை மூடிவிடும். மூடினால் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, நிதியும் இல்லை. அச்சத்தால் முதலாளி மறைக்கிறார். மறைப்பால் ஒவ்வோர் ஆண்டும் நிலுவை கூடுகிறது. கூடுவதால் அச்சமும் கூடுகிறது. இவ்வட்டத்தை எங்கேனும் உடைக்க வேண்டும். இன்று பதிவானவருக்கு நாளைய மாதங்களாவது உறுதியாகும். ஆய்வாளர் பலம் குறைந்த ஓர் அமைப்பு, தாமாக வருவோரை ஊக்குவிப்பது நடைமுறை அறிவே.

ஆயினும் 8 ஆண்டுகளில் இரு முறை திறந்த கதவு, மூன்றாம் முறையும் திறக்கும் என்னும் எதிர்பார்ப்பை விதைக்கும். ஒழுங்காகக் கட்டிய அடுத்த பட்டறைக்காரர் அதனால் பெறுவது ஒன்றுமில்லை. மேலும், அரசு தனக்கு வரவேண்டியதில் இத்தகைய நெகிழ்வைக் காட்டுவதில்லை. தொழிலாளியின் பங்கை நிதிச் சட்டக் கெடுவுக்குள் கட்டாத முதலாளிக்கு வருமான வரிக் கழிவு கிடையாது என்று 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே தாமதத்திற்கு வரித்துறையிடம் கண்டிப்பும், பதிவுத் திட்டத்தில் 100 ரூபாய் மன்னிப்பும் அருகருகே நிற்கின்றன.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, தண்ட அதிகாரத்தை 128ஆம் பிரிவில் தொடர்கிறது. நிலுவையைத் தீர்மானிக்கும் விசாரணைக்குப் பழைய சட்டத்தில் கால வரம்பு இல்லை. புதிய சட்டம் 5 ஆண்டு வரம்பு வைக்கிறது. கோணிக்கொப்பல் வழக்கில் 1975ஆம் ஆண்டின் நிலுவைக்கு 2022இல் பதில் கிடைத்ததை எண்ணிப் பார்த்தால், இவ்வரம்பின் எடை புரியும். கால வரம்பும் ஒருவகை மன்னிப்பே. அதற்கு விண்ணப்பமும் வேண்டியதில்லை.

11. ஆய்வுக்கு

தொழிலாளர் வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 14பி ஆணைகளும் அவற்றின்மீதான தீர்ப்பாய, உயர் நீதிமன்ற முடிவுகளும் சிறு தொழிலின் வரலாற்றுக்கு அரிய மூலங்கள். எந்த ஆண்டு மின்சாரம் இல்லை, எந்தப் பெரிய ஆலை தன் சிறு பட்டறைக்குப் பணம் தரவில்லை, கூலியைக் கொடுப்பதா நிதியைக் கட்டுவதா என்று ஒரு முதலாளி எப்படி முடிவெடுத்தார் என்பவற்றை வேறெங்கும் இவ்வளவு விளக்கமாகக் காண்பதரிது. தம்மைக் காத்துக்கொள்ளவே அவர்கள் பேசினார்கள். ஆயினும் பேசியது எழுத்தில் நின்றது.

2017, 2025 திட்டங்களில் பதிவாவது பெயர், மாதம், தொகை ஆகியவை. பொம்மசந்திராவிலோ ஜிகிணியிலோ ஒரு பட்டறை எட்டாண்டுகள் ஏன் தன் தொழிலாளரின் பெயரை எழுதவில்லை என்பதற்கு அங்கே விடை இராது. அந்த விடையை இனி முதலாளிகளிடமும், அதைவிட முக்கியமாக வேலை மாறிச் சென்ற தொழிலாளரிடமும் நேரில் கேட்டுத்தான் எழுத வேண்டும். அவர்கள் இன்னும் அதே சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அதைச் செய்வது நல்லது.